சிறப்புத் திருமணச் ச

ஜூன் 23, திங்கள்

புது இயந்திரத்தைப் பார்த்துப் பயந்தது அதன் சத்தத்தால் அல்ல. சத்தம் இல்லாததால்தான்.

பார்கோடு துப்பாக்கி இருந்தவரை புத்தகத்துக்கு ஒரு 'பீப்'. அட்டையைத் திருப்பி, கோடுகளை அதன் சிவப்பு வெளிச்சத்துக்கு நேராகக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அதற்குத் தெரியாது. இன்று வந்திருக்கும் பேட் எதையும் காட்டச் சொல்வதில்லை. சாப்பாட்டுத் தட்டு அளவில் கறுப்பாக ஒரு பலகை. அதன் மேல் பையை வைத்தால் போதும். உள்ளே இருக்கும் புத்தகங்கள் திரையில் பெயர் பெயராக எழுகின்றன.

பொருத்த வந்த கம்பெனி ஆள் ஃபிரோஸ் தன் தோள்பையையே வைத்துக் காட்டினார். பைக்குள் எங்கள் கல்லூரி நூலகத்தின் புத்தகங்கள் இரண்டை ஒளித்து வைத்திருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் என் பையை மேஜையிலிருந்து கீழே இறக்கி வைத்தேன்.

"அடியில ஒரு இரும்புத் தகடு வரணும் மேடம். ஆசாரி தகடு இல்லாமலே பலகையை ஒட்டிட்டுப் போயிட்டாரு. அது வர்ற வரைக்கும் கீழ டிராயர்ல புக்கு எதுவும் வைக்காதீங்க."

"வச்சா?" என்றார் வசுந்தரா மேடம். நூலகர். எதையும் ஒரு வார்த்தையில் கேட்பவர்.

"படிச்சிடும். அதுக்கு மேல கீழ தெரியாது."

"மேல கீழ தெரியாதா? எங்க ஊட்டுக்காரரு மாதிரின்னு சொல்லு," என்றாள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பாக்கியம் அக்கா.

நானும் சிரித்தேன்.

ஜூன் 25, புதன்

டேக், அதாவது பேட் படிக்கும் சிப் வைத்த ஸ்டிக்கர், ஒட்டும் வேலை. பின்அட்டையின் உள்பக்கம், முதுகை ஒட்டி, ஒரு புத்தகத்துக்கு மேலே என்றால் அடுத்ததற்குக் கீழே. ஒன்றின் மேல் ஒன்று வந்தால் இரண்டும் ஊமையாகிவிடும். ஒட்டியதும் பேட்டில் வைத்து அதன் எண்ணோடு இணைக்க வேண்டும். அந்த நொடியில் புத்தகம் கணினிக்கு உயிரோடு வருகிறது. முன்பு நூல்பட்டியல் அட்டையில் ஒரு பிறப்பு, பார்கோடில் ஒரு பிறப்பு, இது மூன்றாவது.

இன்று சட்ட அலமாரி. அதில் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். 'சிறப்புத் திருமணச் சட்டம்: எளிய விளக்கம்'. ஓரம் கிழிந்திருக்கிறது. ஒட்ட வேண்டும். பசை தீர்ந்துவிட்டது. அதனால் டிராயரில்.

ஜூன் 26, வியாழன்

பசை வந்தது. நேரமில்லை.

ஜூன் 27, வெள்ளி

இதை நூலகத்தில் வைத்தே எழுதுகிறேன், இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன். வீட்டில் என் அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. அண்ணி நல்லவள். எல்லாவற்றையும் அடுக்கி வைப்பாள்.

காலையில் அண்ணன் பைக்கில் கொண்டுவந்து விடுகிறான். சாயங்காலம் முன்கேட்டில் நிற்கிறான். இந்தத் தற்காலிக வேலைக்கு விண்ணப்பத்தை நிரப்பியதும் அவன்தான். கைபேசி எண் என்ற இடத்தில் அவனுடைய எண். சம்பளம் ஏறினாலும் கல்லூரிக்கு லீவு விட்டாலும் செய்தி முதலில் அவனுக்கு. "உனக்கு எதுக்கு அலைச்சல்," என்றான் அப்போது. அன்பாகத்தான் சொன்னான்.

நேற்று சாப்பிடும்போது பக்கத்துத் தெருப் பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்தது. எவனோடோ போய்விட்டாளாம். அண்ணன் மோர் ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னான்: "எங்க போயிடுவாங்க. ஃபோன் சிக்னலே காட்டிக் குடுத்துடும். ரெண்டு நாள்ல தூக்கிட்டு வந்துடுவாங்க."

"அப்புறம்?" என்றாள் அண்ணி.

"அப்புறம் என்ன. ஊறுகாயை இப்படித் தள்ளு."

எனக்கும் ஆவணியில் மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். ஆடி கழியட்டும் என்று காத்திருக்கிறார்கள்.

மதியம் பெ. ஃபோனில் பேசினான். முழுப் பெயரை இங்கே எழுத வேண்டாம். பல்கலைக்கழகத்தில் என்னோடு நூலகவியல் படித்தவன். இப்போது கோவையில் ஒரு கல்லூரி நூலகத்தில் இருக்கிறான். வேறு மதம், வேறு சாதி. எழுதுவதற்கு ஒன்றுமில்லை. டேக் பற்றித்தான் பேசினோம். கல்யாணத்துக்குப் பதிவு அலுவலகத்தில் முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டுவார்கள், யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பது பற்றியும் கொஞ்சம். பொது அறிவுக்காக.

ஜூலை 1, செவ்வாய்

புதிய மென்பொருளோடு புதிய உத்தரவு. மாணவி புத்தகம் எடுத்தால் பெற்றோருக்குக் குறுஞ்செய்தி போகும். ஊழியர் எடுத்தால் ஊழியரின் எண்ணுக்கு. தமிழிலேயே போகும் என்று நிர்வாகத்துக்குப் பெருமை.

"தமிழ்ல எழுத்து கம்மியாத்தான் கொள்ளும் மேடம்," என்றார் ஃபிரோஸ் ஃபோனில். "தலைப்பு நீளமா இருந்தா வெட்டிடும். அடுத்த அப்டேட்ல சரி பண்ணிடறோம்."

"புள்ளைங்க என்ன படிக்குதுன்னு வீட்டுக்கு எதுக்கு?" என்றார் மேடம். ஃபோனை வைத்த பிறகு.

தகடு இன்னும் வரவில்லை.

ஜூலை 2, புதன்

சிரித்தேன். எழுதி வைக்கிறேன்.

கோகிலவாணி என்று பி.காம் இரண்டாம் ஆண்டுப் பெண். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து மினி பஸ் பிடித்து வருகிறாள். வாய் ஓயாது.

"அக்கா, நேத்து செலவுக் கணக்கியல் எடுத்தேனா, எங்கப்பாவுக்கு மெசேஜ் போயிருச்சு. அவரு கர்நாடகாவுல ரிக்கு வண்டியில போர்வெல் போட்டுட்டு இருக்காரு. ஃபோன் பண்ணி, 'வீட்டுச் செலவையெல்லாம் கணக்கு எழுதறியா கண்ணு'ங்கறாரு. ரிக்குல இருக்கற அத்தனை பேருக்கும் காட்டியிருக்காரு."

"அடுத்து என்ன எடுக்கப் போற?"

"தணிக்கையியல். அதுக்கு, 'போலீஸ்ல சேரப் போறியா'ம்பாரு பாருங்க."

ஜூலை 3, வியாழன்

மதிய இடைவேளையில் கூட்டம். கார்டை வை, புத்தகத்தை வை, எடுத்துக்கொள், அடுத்து. பச்சை விளக்கு. கோகிலவாணியும் வந்தாள், தணிக்கையியல். அவளோடு பேசிக்கொண்டிருந்ததில் திரையைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை என்பதற்குத்தானே இந்த ஏற்பாடு.

கிழிந்த ஓரத்தை இன்னும் ஒட்டவில்லை. டிராயரின் அடியில் கிடந்த புத்தகத்தை இன்று காலைதான் மேலாக எடுத்து வைத்தேன். நான்காவது அத்தியாயம் வரை படித்திருக்கிறேன். கிழிசல் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க.

ஜூலை 7, திங்கள்

வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் நூலகம் திறந்ததும் ஒருவர் வந்தார். சட்டையெல்லாம் செம்மண். கூட இரண்டு ஆண்கள் வாசலிலேயே நின்றார்கள். பெயர் அர்த்தனாரி என்றார். கோகிலவாணியின் அப்பா. கர்நாடகாவிலிருந்து லாரி மாறி லாரி ஏறி வந்திருக்கிறார்.

ஃபோனை எடுத்து மேடத்தின் முன்னால் வைத்தார். கண்ணாடி கீறியிருந்தது. நானும் எட்டிப் படித்தேன்.

'நூலகம்: தங்கள் மகள் கோகிலவாணி பெற்றது: சிறப்புத் திருமணச் ச'

அவ்வளவுதான். அதோடு வெட்டியிருந்தது.

"யாருங்க அவன்?" என்றார்.

மேடத்துக்குப் புரியவில்லை. "எவன்?"

"காலேஜுல இருந்தே போட்டிருக்கீங்களே, சிறப்புத் திருமணம்னு. சர்டிபிகேட்டு வாங்கிட்டான்னுதான அர்த்தம்? திருமணச் ச-ன்னா திருமணச் சர்டிபிகேட்டுதான?"

மேடம் மெதுவாக விளக்கினார். சான்றிதழ் அல்ல, சட்டம். அது ஒரு புத்தகத்தின் பெயர். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு நிமிடம் முகம் தளர்ந்தது. பிறகு மறுபடி இறுகியது.

"சரிங்க. புத்தகம். அது என்ன சொல்லிக் குடுக்குது?"

மேடம் ஃபோனை அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

"வீட்டுக்குத் தெரியாம எப்படிப் பண்ணிக்கறதுன்னு சொல்லிக் குடுக்குது. அதான? எம் பொண்ணுக்கு எதுக்குங்க அது? அவ, எடுக்கவே இல்லைன்னு சாதிக்கறா. மூணு நாளா அவங்க மாமன்கள் கேக்கறாங்க. பேரைச் சொல்ல மாட்டேங்கறா."

கேட்கிறார்கள் என்ற சொல்லை அவர் சொன்ன விதம்.

இல்லாத பெயரை அவள் எப்படிச் சொல்வாள்.

நான் பேட்டின் இந்தப் பக்கம் நின்றிருந்தேன். முழங்காலில் டிராயரின் பிடி இடித்துக்கொண்டிருந்தது. நான் அதைத் திறக்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

முதல் ஆளாக உள்ளே வந்து சோதித்தேன். ஃபிரோஸ் விட்டுப்போன வெற்றுக் கார்டு, அதற்குப் பெயரும் கிடையாது எண்ணும் கிடையாது. அதைப் பேட்டில் வைத்தேன். டிராயர் மூடித்தான் இருந்தது. திரையில் எழுந்தது: 'சிறப்புத் திருமணச் சட்டம்: எளிய விளக்கம். ஏற்கெனவே வழங்கப்பட்டது: கோகிலவாணி.'

மேஜைப் பலகை ஒரு விரல் கனம்கூட இல்லை.

பதினொரு மணிக்கு மேடம் கையில் பிடிக்கும் ரீடரை எடுத்துவரச் சொன்னார். நீண்ட தடி. தேட வேண்டிய எண்ணைக் கொடுத்து அலமாரிகளின் மேல் ஓட்டினால், கிட்டே போகப் போக அதிகமாகக் கத்தும். பாக்கியம் அக்கா அதற்குப் பேயோட்டுற கட்டை என்று பெயர் வைத்திருக்கிறாள்.

"அந்தப் பொண்ணு எடுக்கலைன்னா புக்கு இங்கதான இருக்கணும்," என்றார் மேடம். "சுகிர்தா, நீ அந்தக் கடைசியில இருந்து வா. நான் இங்க இருந்து வர்றேன்."

கடைசிக்குப் போகும் முன் நான் செய்தது: டிபன் டப்பாவில் சப்பாத்தி சுற்றியிருந்த அலுமினியத் தாளை எடுத்துப் புத்தகத்தைச் சுற்றிப் பைக்குள் வைத்தேன். உலோகம் இருந்தால் அலை உள்ளே போகாது. முதுகலையில் படித்தது. தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியது.

மேடம் தடியோடு கவுண்டரைக் கடந்தார். என் பைக்கு ஒரு சாண் தூரத்தில். தடி ஊமையாக இருந்தது. நான் பொருளாதார அலமாரிக்குப் பின்னால் நின்று என் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"என்னடி இவ்ளோ வேர்க்குது?" என்றாள் பாக்கியம் அக்கா. "ஃபேன் ஓடுதே."

"காய்ச்சல் மாதிரி இருக்கு அக்கா."

"சப்பாத்தியை யாரு இப்படி மொட்டையா வெச்சது? ஈ மொய்க்குது பாரு."

ஜூலை 9, புதன்

இதைச் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். தாளைப் பிரித்து, புத்தகத்தைச் சட்ட அலமாரியில் அதன் இடத்தில் வைத்தேன். யாரும் பார்க்கவில்லை. மேடத்திடம் போய், இன்னொரு தரம் தேடலாமா என்றேன். தடி கத்தியது. மேடம் புத்தகத்தைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார். நல்ல மனது. உடனே அர்த்தனாரிக்கு ஃபோன் செய்து சந்தோஷமாகச் சொன்னார், புத்தகம் கிடைத்துவிட்டது, அலமாரியிலேயே இருக்கிறது என்று.

ஸ்பீக்கரில் அவர் குரல்.

"நேத்து ஃபோன்ல, அங்க இல்லைன்னீங்களே மேடம்."

"ஆமா. இன்னைக்கு…"

"அப்ப எடுத்திருக்கா. யார் கையிலயோ குடுத்துத் திரும்ப வெக்கச் சொல்லியிருக்கா. அவனுக்கு உள்ளயே ஆள் இருக்கு."

வைத்துவிட்டார்.

புத்தகம் மறுபடி என் டிராயரில். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை.

ஜூலை 10, வியாழன்

கோகிலவாணியோடு மினி பஸ்ஸில் வரும் பெண் சொன்னது. ஃபோனைப் பிடுங்கிவிட்டார்கள். அறையில் வைத்திருக்கிறார்கள். ஆடி பிறந்தால் எதுவும் செய்ய முடியாதாம். அதனால் ஆனிக்குள்ளேயே, வரும் புதன்கிழமை முகூர்த்தம், மாமன் மகனோடு. அவனுக்கு வயது முப்பத்தைந்தாம்.

மினி பஸ் கண்டக்டரை நேற்று சந்தையில் வைத்து அடித்திருக்கிறார்கள். சில்லறை கொடுக்கும்போது அவளைப் பார்த்துச் சிரித்தான் என்று யாரோ சொன்னார்களாம். தாடையில் கட்டு.

"அவ என்னக்கா சொல்றா தெரியுமா? நேத்து ஜன்னல் வழியாப் பேசினேன். 'யாரு பேரையாவது சொல்லிட்டா விட்டுடுவாங்களாடி, யாரு பேரைச் சொல்லட்டும்?'னு கேக்கறா."

வீட்டில் உளுந்தவடை. அண்ணன் இரண்டு எடுத்து என் தட்டில் வைத்தான். இரண்டையும் அண்ணியின் தட்டுக்கு மாற்றினேன்.

ஜூலை 11, வெள்ளி

அர்த்தனாரி இன்று தனியாக வந்தார். மாற்றுச் சான்றிதழ் வாங்க. அதற்கு நூலகத்தில் பாக்கி இல்லை என்று கையெழுத்து வேண்டும். தணிக்கையியலை பேட்டின் மேல் வைத்தார். ஒரு செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

நான் திரையைப் பார்த்தேன். தணிக்கையியல் திரும்பியது. அதன் கீழேயே இன்னொன்றும் திரும்பியது. அவர் சட்டைப்பையில் ஃபோன் இருமுறை முனகியது.

அவர் எடுத்துப் படித்தார். படித்து முடிக்க நேரமானது. "நான் ஒரு புத்தகம்தான குடுத்தேன்?" என்றார்.

அப்போது என் கை டிராயரைத் திறந்தது. கை என்று எழுதுவது சுலபமாக இருக்கிறது. நான் திறந்தேன்.

புத்தகத்தை எடுத்து அவரிடம் காட்டினேன். மறுபடி உள்ளே வைத்து மூடினேன். "இந்தப் பேட் மேஜைக்குக் கீழ இருக்கறதையும் படிக்கும். அடியில தகடு இல்லை. அன்னைக்கு உங்க பொண்ணு ஒரு புத்தகம்தான் வச்சா. இது கீழ இருந்துச்சு. அது சேர்த்துப் படிச்சு அவ பேர்ல போட்டுடுச்சு."

வசுந்தரா மேடம் எழுந்து வந்தார். என்னைப் பார்க்கவில்லை. தன் கார்டைக் கழுத்திலிருந்து கழற்றிப் பேட்டில் வைத்தார். திரையில் அவர் பெயர், அதன் கீழே அந்தத் தலைப்பு. அவருடைய ஃபோன் மணியடித்தது. எடுத்து அர்த்தனாரியிடம் நீட்டினார். அதே வெட்டு. திருமணச் ச.

அவர் இரண்டு ஃபோன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். போர் போடுகிறவரின் விரல்கள், நகம் முழுக்க மண்.

"சரி. மிஷினு தப்பு பண்ணும். ஒத்துக்கறேன்," என்றார். "ஆனா புக்கு தானா நடந்து டிராயருக்குள்ள போகாது. யாருக்கோ அது வேணும். யாருமே எனக்குன்னு சொல்லலைன்னா, ஊருல அது எம் பொண்ணுக்குத்தான். எம் மச்சானுங்களுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பாக்கியம் அக்கா துடைப்பதை நிறுத்தியிருந்தாள்.

ஓரம் கிழிந்திருந்தது, ஒட்டுவதற்காக வைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். இந்தப் பக்கங்களில் அதை எத்தனை முறை எழுதியிருக்கிறேன். மனப்பாடம்.

"எனக்கு," என்றேன்.

மேடம், "சுகிர்தா," என்றார். எச்சரிக்கும் குரல். என் கார்டில் யாருடைய எண் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஊழியர் விவரங்களைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும்போது நாங்கள் இருவரும்தான் உட்கார்ந்து ஏற்றினோம். உன் எண்ணைப் போட்டுவிடட்டுமா என்று அன்றைக்கே கேட்டார். வேண்டாம், அண்ணன் கேட்பான் என்றேன்.

மேடத்தின் பெயரிலிருந்து புத்தகத்தை விடுவித்தேன். என் கார்டை எடுத்தேன். அது பேட்டைத் தொடுவதற்கு முன்பே படித்துவிட்டது. காட்ட வேண்டியதில்லை, கிட்டே போனால் போதும்.

திரையில் என் பெயர், அதற்குக் கீழே தலைப்பு. முழுசாக. திரையில் வெட்டுவதில்லை.

எந்த ஃபோனும் அடிக்கவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. ஊரின் இன்னொரு பக்கத்தில், ஐந்து ரோட்டில், அண்ணனின் டயர் கடையில், எனக்குக் கேட்காத இடத்தில் அது அடித்திருக்கும்.

என் ஃபோன் அடிக்கட்டும் என்று அர்த்தனாரி காத்திருந்தார் போல. "உங்களுக்கு வரலையேம்மா?"

"எங்க அண்ணன் நம்பர்."

அவர் மேடத்தின் ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார். "உங்க வீட்டுக்குத் தெரியுமா?"

"இப்பத் தெரிஞ்சிருக்கும்."

அவர் ஃபோனை எடுத்தார். நம்பரைத் தட்ட இரண்டு முறை தவறியது. "நான்தான். பாப்பாகிட்டக் குடு. குடுங்கறேன்ல. கதவைத் திறந்து குடு." பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். "கண்ணு," என்றார். அந்தப் பக்கம் அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நின்று கேட்டார். அழுகை எனக்கும் கேட்டது.

கையெழுத்துக்காகக் கொண்டுவந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். புதன்கிழமை என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், பேட்டைப் பார்த்துச் சொன்னார்:

"முன்கேட்டுல நிக்காதம்மா. நான்னா அங்கதான் வருவேன்."

என் ஃபோன் அப்போது அடிக்க ஆரம்பித்தது. அண்ணன். நின்றது. மறுபடி அடித்தது.

மேடம் அதை வாங்கி அணைத்து என் கையில் கொடுத்தார். "புக்கு உன் பேர்ல இருக்கு. பதினஞ்சு நாள் டைம்," என்றார். அவருக்கு வேறெப்படிச் சொல்லத் தெரியும்.

ஹாஸ்டல் சமையலறையை ஒட்டிய பின்வாசலைப் பாக்கியம் அக்கா திறந்துவிட்டாள். நூலக வாசலில் திருட்டைக் கண்டுபிடிக்க வைத்த கேட்டை நான் கடந்தபோது அது கத்தவில்லை. புத்தகம் என் பெயரில் இருந்தது. இந்த நோட்டுக்கு டேக் கிடையாது.

டவுன் பஸ்ஸில் ஏறி ரயில்வே ஜங்ஷன் போனேன். அங்கே ஒரு கடைக்காரரிடம் கேட்டு அவர் ஃபோனில் பெனடிக்டிடம் பேசினேன். கோவைக்கு டிக்கெட் எடுத்துப் பெண்கள் பெட்டியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.